நெறி கட்டுதல்

ஐந்தரை வருடப் படிப்பில் வராத வினைச்சொல் ஒன்றை
கோத்தகிரிக்கு மாற்றலாகி வந்த மூன்றாம் நாள்
ஒருவரின் தொடையிடுக்கில் தொட்டுப் பார்த்தேன்.
நெல்லிக்காய் அளவு. விரலுக்கடியில் நழுவியது.
"நெறி கட்டியிருக்கு டாக்டர்."
நான் எழுதியது வேறு:
நிணநீர்க் கணு வீக்கம், வலப்பக்கம், தொட்டால் வலி.
பிரமிளா சிஸ்டர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து
"காலைப் பாருங்க" என்றார்.
பெருவிரல் இடுக்கில்
அட்டை கடித்த இடத்தைச் சொறிந்த புண்.
அந்த ஆளே மறந்துபோன புண்.

அன்றிலிருந்து இந்தச் சொல்லைக் கவனித்துவருகிறேன்.
தன்மையில் வராது;
'நான் நெறி கட்டினேன்' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.
ஏவலிலும் வராது.
எந்த மருத்துவரும் எந்தச் சாமியும்
ஓர் உடம்பைப் பார்த்து 'நெறி கட்டு' என்று அதட்ட முடியாது.
எனக்கு, அவனுக்கு, பிள்ளைக்கு என்று
ஒரு 'கு' போட்டு
பக்கத்தில் நின்றுகொள்ளலாம், அவ்வளவுதான்.
பசி மாதிரி.

பள்ளிக்கூடச் சுவரில் நெறி என்றால் நல்ல வழி.
இங்கே வழியைக் கட்டிப்போடுவது.
குஞ்சப்பனை சோதனைச்சாவடியில்
கீழேயிருந்து ஏறிவரும் வண்டியை மறித்து
பிளாஸ்டிக் பாட்டில் இருக்கா என்று
டார்ச் அடித்துக் கேட்கிறார்களே, அப்படி
காலிலிருந்து ஏறிவரும் விஷத்தை
ஒரு கணு நிறுத்தி விசாரிக்கிறது.
வண்டிகள் தேங்குகின்றன.
வீக்கம் அதுதான்.

பவுனாயி வந்தது ஆடி மழை விடாத ஒரு செவ்வாய்க்கிழமை.
அரசுத் தேயிலைத் தோட்டம், ஆறாம் நம்பர் லயம்.
வலது அக்குளில் நெறி.
"புண் எங்கம்மா?"
"திருப்பூர்ல."

மகள் புஷ்பலதாவுக்கு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின்.
ஞாயிறு ராத்திரி ஷிப்டில்
ஊசி விரலில் இறங்கி உள்ளேயே உடைந்ததாம்.
திங்கள் காலையில் இவளுக்குக் கை தூக்க முடியவில்லை,
கூடையை மாட்ட முடியவில்லை.
"தென்னமரத்துல தேள் கொட்டுனா
பனமரத்துல நெறி கட்டும்னு சும்மாவா சொன்னாங்க."

அது கேலிக்குச் சொல்வது,
ஒட்டாததை ஒட்டவைப்பவரைப் பார்த்துச் சிரிப்பது,
என்று சொல்ல வாயெடுத்தேன்.
சன்னலுக்கு வெளியே சில்வர் ஓக், தேயிலை, மஞ்சு.
தென்னையெல்லாம் மேட்டுப்பாளையத்தோடு நின்றுவிடும்.
இந்த மலைப்பாதையில் நான் பார்த்த பனை
அந்தச் சோதனைச்சாவடியின் பேரில் மட்டும்.

கையை வாங்கி விளக்கடியில் திருப்பினேன்.
கறையேறிய விரல்கள்.
ஆள்காட்டி விரலின் நகக்கண்ணில்
கொழுந்து கிள்ளிக் கிள்ளி விழுந்த வெடிப்பு,
அதற்குள் மஞ்சளாக ஒரு புள்ளி.
"இந்தா இருக்கு உங்க புண்ணு."
பார்த்தாள்.
"இது எப்பவும் இருக்கறது."

முப்பது வருடமாகக் கட்டாத நெறி
நேற்று ஏன் கட்டியது என்பதற்கு
என்னிடம் ஒரு பதில் இருந்தது, கிருமியின் பெயரோடு.
சொல்லவில்லை.
சீட்டில் எழுதினேன்: புண், வலது ஆள்காட்டி விரல்.
படிக்கச் சொன்னாள். படித்தேன்.
"யாரோடதுன்னு போடலியே?"

ஐந்து நாளைக்கு மாத்திரை, மொத்தம் பதினைந்து.
ஒன்றுகூட மிச்சம் வைக்கக் கூடாது என்று
இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன்.
மறுவாரம் சிஸ்டர் சொன்னார்:
எட்டு மாத்திரையைத் தாளில் மடித்து
திருப்பூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டாளாம்.

திட்டுவதற்காகக் கூப்பிட்டனுப்பினேன்.
நனைந்த பிளாஸ்டிக் படங்கை வாசலில் உதறிவிட்டு வந்தாள்.
நான் ஆரம்பிக்கும் முன்னே
கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.
"கரஞ்சிருச்சு" என்றாள்,
'எனக்கு' என்று சேர்க்காமல்.